செவலைக்கு ஒன்றரை உருண்டை

நான் மாட்டு டாக்டர். நாய்க்கு உடம்பு ஊதிவிட்டது என்று ஜவ்வாது மலையில் யாரும் முகாமுக்கு வந்ததில்லை. குப்பம்மாள்தான் முதல் ஆள். அவளுடைய செவலை நாலு எட்டு வைத்தாலே இரைத்தது. ஆட்டுத் தராசில் ஏற்றினால் இருபத்தாறு கிலோ. பதினாறு இருக்க வேண்டிய நாய்.

“இன்னாம்மா போட்ற இதுக்கு?”

“களிதான் சார். நாலு உருண்டை.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “நானே ஒண்ணுக்கு மேல துன்ன மாட்டேன். இப்டியே போட்டா ஆறு மாசம் தாங்காது.”

அவள் முகம் சுண்டிப்போனது. “இத வுட்டா எனக்கு ஆரு சார் இருக்கா?”

செல்போனில் கணக்குப் போட்டேன். எடை குறைய ஒரு நாளைக்கு ஐந்நூற்று அறுபது கலோரி போதும். அவள் பிடிக்கிற உருண்டை ஒன்றே முந்நூற்றைம்பது வரும். ஒன்றரை உருண்டை, அதற்கு மேல் ஒரு வாய் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். பயபக்தியோடு தலையாட்டினாள்.

அடுத்த மாதம் இருபத்தேழு கிலோ! வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆத்திரம் அடங்காமல் சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன்.

புருஷன் செத்து ஏழு வருஷம். வீட்டில் அவள் ஒருத்திதான். அடுப்பு ஓரத்தில் மூன்று தட்டுகள். ஒன்றில் ஒரு உருண்டை. மற்ற இரண்டிலும் இரண்டிரண்டு, மூடி போட்டு.

“இது ஆருக்கு?”

“பையன் அருண்ராஜுக்கும் மருமவளுக்கும். திருப்பூர்ல பனியன் கம்பெனி. திடீர்னு பஸ்ஸுல வந்து எறங்கிட்டா, ஒண்ணுமில்லனு சொல்ல முடியுமா?”

ஆறு மணி பஸ் வந்தது, நிற்காமல் போனது. அவள் எழுந்து மூடிகளை எடுத்து, நாலு உருண்டையையும் செவலைக்கு வைத்தாள். நாலு வருஷமாக இப்படித்தானாம்.

கலோரிக் கணக்கைச் சரியாகப் போட்டவன், எத்தனை பேருக்கு ஆக்குகிறாய் என்று கேட்காமல் விட்டேனே, மடையன். திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது. “மாவக் கொறச்சுப் போடும்மா,” என்றேன்.

இரைத்துக்கொண்டே தின்னும் நாயை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் எதிரிலேயே மகனுக்குப் போன் போட்டாள்.

“அருணு, இனிமே வர்றதா இருந்தா சொல்லிட்டு வா. நான் ஆக்கி வெக்க மாட்டேன்.”

“சரிம்மா,” என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

செவலை இப்போது பத்தொன்பது கிலோ. நன்றாக ஓடுகிறது. ஆறு மணி பஸ் சத்தம் கேட்டதும் ரோட்டுக்குப் போய் நிற்கிறது.

“அதுக்கு இன்னும் புரியல சார்,” என்கிறாள் குப்பம்மாள்.