இடது கைக்கு ஒரு லீவர்

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அப்பாதுரை. 2005இல் பக்கவாதம் வந்தது. கால் தப்பித்தது, இடது கை மடங்கிக்கொண்டது. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை, “நான் இன்னா கொழந்தையா?” என்று கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவார். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு வாசலில் அவருடைய கியர் ஸ்கூட்டர் உறை போர்த்தி நின்றது. கிளட்ச் இடது கைப்பக்கம். சாவி மனைவி அருள்மேரியின் இடுப்பில்.

அவருக்குக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பைத்தியம் உண்டு. மகன் பென்னி துபாயிலிருந்து அனுப்பிய, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பெட்டியில் இரண்டு லீவர்கள். நிஜ விமானம் மாதிரியே கிளப்ப வேண்டும் என்று அவற்றில் இடதுபக்கத்து லீவரை எரிபொருள் திறக்க அமைத்துக்கொண்டார். வலது கையால் ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் திரையில் சுழற்சி முள் ஏறும். அது இருபதைத் தொட்டதும் இடது கையால் லீவரை முழுசாக மேலே தள்ள வேண்டும். பாதியில் நின்றால் இன்ஜின் பிடிக்காது.

“லீவரை முழுசா தள்ளி பிளேனைக் கிளப்புங்க, சாவி தர்றேன்” என்றாள் அருள்மேரி.

அவர் கை பாதிவரைகூடப் போகவில்லை. ஆனால் மடங்கியது கைதான், மூளையல்ல. லீவர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு திரை உண்டு. அதில் லீவரை ஒரு அரிசி அளவு நகர்த்தி, இதுதான் முழுசு என்று பதிந்துவிட்டார்.

மறுநாள் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். முள் இருபதைத் தொட்டது. அவர் சுண்டுவிரல் துடித்தது. இன்ஜின் உறுமியது.

“எடு சாவிய!”

அருள்மேரி திரையைப் பார்க்கவேயில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லீவர் நவுரவேயில்ல, பிளேன் மட்டும் எப்டி கிளம்புச்சு?”

“அது வந்து... சென்சிட்டிவ் மாடல், மேரி.”

“கிளட்சும் சென்சிட்டிவா? கேம்ப் ரோடு சிக்னல்ல பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கறப்போ சுண்டுவிரல ஆட்டிக் காமிப்பீங்களோ?”

அவரிடமிருந்து விஷயத்தைக் கறந்து, அவரையே அந்தத் திரையைத் திறக்கவைத்து, லீவரை அடியிலிருந்து உச்சிவரை தானே தள்ளிப் பதிந்தாள்.

“பேஜார் பண்றியே” என்றார்.

அன்று முதல் முள் ஏறும், கை பாதியில் நிற்கும், இன்ஜின் அடங்கும். பந்தை உருட்டிவிட்ட மனுஷன் லீவரை விடவில்லை. சாப்பாடு ஆறிப்போகும், கூப்பிட்டால், “டேக் ஆஃப்ல கீறேன்” என்று பதில் வரும். தள்ளும்போது அவர் திட்டுவது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு காலையில் லீவர் உச்சியில் போய் இடித்தது. இன்ஜின் பிடித்தது.

அருள்மேரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். வாசலுக்கு வந்து கிளட்சைப் பிடித்தார். விரல்கள் மூடின. மாதக்கணக்கில் நின்ற ஸ்கூட்டர்தான் உதைக்கு உதை இருமிவிட்டு அடங்கியது.

“மெக்கானிக்கை வரச் சொல்லட்டுமா?”

“அவன் எதுக்கு வரணும்? நான் போறேன்.”

இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து ஜங்ஷன் மெக்கானிக் கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். பாதி வழியில் மூச்சு வாங்கியது.

“நான் புடிக்கவா?” என்றாள் பின்னால் வந்த அருள்மேரி.

“தொடாத!”