கார்டில் இல்லாத தாய்மாமன்

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்தநாள், காதுகுத்து, புதுநன்மை என்று எந்த விசேஷம் நடந்தாலும் அதன் வீடியோ கடைசியில் போய்ச் சேரும் இடம் எதிர்வீட்டு சுதாவின் கம்ப்யூட்டர்தான். அவள் வீட்டுக்காரர் தேவாவும் என் கணவர் ஜேம்ஸும் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். கல்யாணமான புதிதில் தேவா ஆசைப்பட்டு ஒரு எச்.டி. கேம்கார்டர் வாங்கினார். இப்போதுதான் எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே, இது எதற்கு என்று நானே கேட்டிருக்கிறேன். "போன்ல எடுத்தா நடுவுல எவனாவது கூப்பிடுவான் புஷ்பாக்கா" என்பார். படம் எடுப்பது அவர், வெட்டிச் சேர்ப்பது அவள்.

சுதா மாங்காட்டுப் பெண். வேலப்பன்சாவடியில் பி.காம். படித்தவள். வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை பார்க்கலாம் என்று வாங்கிய கம்ப்யூட்டரில்தான் இந்த வேலையை ஆரம்பித்தாள். முதல் தடவை கேமராவில் இருந்ததை ஏற்றியபோது அந்தக் கம்ப்யூட்டர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குரல் முன்னால் போகும், உருவம் திக்கித் திக்கிப் பின்னால் வரும். வேறு யாராக இருந்தாலும் மூடி வைத்திருப்பார்கள். இவள் யூடியூபில் இந்தி பேசுகிற ஒரு மனிதரைப் பிடித்தாள். அவர் பேசுவது ஒரு வார்த்தை புரியாது. மவுஸ் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்து, பெரிய வீடியோவுக்குச் சின்னதாக ஒரு நகல் எடுத்து அதில் வெட்டி ஒட்டுவது, கடைசியில் நகலுக்குப் பதில் அசலை வைத்துக்கொள்வது என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

அவள் முதலில் செய்தது என் மகள் ஷர்மிளாவின் புதுநன்மை வீடியோ. ஃபாதர் அவளுக்கு முதல் தடவையாக அப்பம் கொடுக்கும்போது நாலு பக்கமும் ரோஜா இதழ் கொட்டியது. என் மாமியார் முகம் ஒரு இதயத்துக்குள் இருந்து சுழன்று சுழன்று வந்தது. "இது பூசையா, பொருட்காட்சியா?" என்று திட்டிவிட்டேன். சுதா கோபித்துக்கொள்ளவில்லை. அன்றோடு ரோஜா இதழை நிறுத்திவிட்டாள்.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. விசேஷத்துக்கு வந்த ஒவ்வொருவர் பெயரையும் அதில் எழுதி, வீடியோவில் அந்த முகம் வந்ததும் டிக் அடிப்பாள். ஒருவருக்கு மூன்று செகண்டாவது கொடுத்தாக வேண்டும். பந்தியில் பாயசம் வரவில்லை என்பதை மறந்துவிடுகிற ஜனங்கள், வீடியோவில் தன்னைக் காணோம் என்பதை ஏழு வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவார்கள். இது அவளுக்கு அனுபவத்தில் வந்த பாடம்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு அவள் தம்பி தமிழரசுவின் கல்யாணம் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மைக்கில் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டு மேடையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தேவாவின் அம்மா பொன்னியம்மா வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து, முதல் வரிசையில் காத்திருந்தார். கடைசி வரைக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த அம்மா சாப்பிடாமலேயே பஸ் ஏறிவிட்டார். தேவா போய் நியாயம் கேட்டார். சுதாவின் அப்பா பரந்தாமன் மறந்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவரோ, "கலெக்டர் ஊட்டு சம்பந்தி, கையப் புடிச்சு இட்டாரணுமா?" என்று கேட்டுவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. பேத்தி பிறந்தபோதுகூட அந்த மனிதர் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

பேத்திக்கு மூன்று வயதானதும் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சுதா வெட்கத்தை விட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள். தமிழரசு தட்டுகளோடு தனியாக வந்து நின்றான். குவார்ட்டர்ஸ் பிள்ளையார் கோயிலில் நாங்கள் எல்லோரும் இருந்தோம். பொன்னியம்மா அவனை எப்படிக் கவனித்தார் என்பதை என் கண்ணால் பார்த்தேன். அவனும் பார்த்தான். கிளம்பும்போது சொன்னான்.

"அக்கா, வீடியோவ ரெடி பண்ணி வை. வர்ற ஞாயித்துக்கெழம வந்து வாங்கிகினு போறேன். நைனாவுக்குப் போட்டுக் காட்டணும். அந்தம்மா என்னை இன்னா மாதிரி மரியாதையா நடத்துச்சுன்னு நான் வாயால சொன்னா நம்பமாட்டாரு. கண்ணால பாத்தா எறங்கி வருவாரு."

சுதாவுக்கு இதைவிடப் பெரிய வேலை யாரும் கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை மதியம் கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். கேமராவை அவர் வைத்துக்கொள்வார், கார்டை மட்டும் இவள் எடுத்துக்கொள்வாள். முப்பத்தெட்டுத் துண்டுகள் ஏறின. கோலம், தோரணம், வந்தவர்கள், தட்டு வரிசை எல்லாம் இருந்தன. கடைசித் துண்டில் தமிழரசு வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்காரக் குனிகிறான். பொன்னியம்மா அவன் பக்கம் வருகிறார். அங்கேயே அறுந்துவிட்டது. மடியும் இல்லை, காது குத்தியதும் இல்லை, பந்திகூட இல்லை.

நாங்கள் போனில் எடுத்ததையெல்லாம் வாங்கிப் பார்த்தாள். பதினோரு பேர் எடுத்திருந்தோம். பதினோரு பேரும் பாப்பாவின் அழுகிற வாயைத்தான் எடுத்திருந்தோம். என் படத்தில் தமிழரசுவின் தாடை மட்டும் கொஞ்சம் தெரிந்தது. பெரிய உபகாரம்.

அன்று சாயங்காலம் தேவா வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீடு என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது. கேட்காவிட்டாலும் போய்க் கேட்டிருப்பேன்.

"என் தம்பி உக்கார்ற வரைக்கும் எடுத்திருக்கீங்க. அவன் உக்காந்ததும் நிறுத்திட்டீங்க. உங்கம்மாவ மேடையில ஏத்தலன்னு இத்தினி வருசமா மனசுல வச்சிகினு இருந்தீங்களா?"

"நான் எடுத்தேன் சுதா. முழுசா எடுத்தேன்."

"எடுத்திருந்தா எங்க போச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? உன் கம்ப்யூட்டர் முழுங்கியிருக்கும்."

"கம்ப்யூட்டர் எங்க தம்பிய மட்டும் பாத்து முழுங்குமா?"

தேவா அதற்குமேல் பேசவில்லை. அவர் அப்படித்தான். சொன்னதை நம்பாதவர்களிடம் இரண்டாவது தடவை சொல்ல மாட்டார். நாலு நாள் இரண்டு பேரும் பாப்பா மூலமாகவே பேசிக்கொண்டார்கள். நானும் மனதுக்குள் தேவாவைத்தான் சந்தேகப்பட்டேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? மனிதருக்கு ரோஷம் ஜாஸ்தி என்று ஜேம்ஸிடம் சொல்லவும் செய்தேன்.

சுதா பயந்து போயிருந்தாள். "இத அப்படியே குடுத்தா நைனா இன்னா சொல்வாரு தெரியுமாக்கா? எம்புள்ளய வரவச்சு, வேணும்னே வெட்டிட்டாங்கன்னு சொல்வாரு. தம்பியும் இனிமே வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று அழுதாள். கொடுக்காமலும் இருக்க முடியாது. சனிக்கிழமை காலை, இருந்ததை வைத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு வீடியோ செய்து முடித்தாள். நோட்டுப் புத்தகத்தில் தமிழரசு பெயருக்கு எதிரில் டிக் அடித்தாள். வாசலில் தட்டோடு வருகிறானே, அதற்கு.

முடித்ததை அந்தக் கார்டிலேயே ஏற்றித் தம்பி கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கம்ப்யூட்டர் மறுத்தது. கார்டில் இடம் இல்லை என்றது. மறுபடி முயன்றாள். இடம் இல்லை.

செருப்புகூடப் போடாமல் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"புஷ்பாக்கா, கார்டு ரொம்பிக் கீது. துளிகூட இடம் இல்ல. அவரு நிறுத்தலக்கா. கார்டு ரொம்பினதாலதான் நின்னு போச்சு."

"அப்ப உங்க வீட்டுக்காரர் சும்மா கையில பிடிச்சிக்கிட்டு நின்னாரா? ரெக்கார்ட் ஆவலன்னா கேமரா சொல்லாதா?"

நான் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். அவளுக்கு அதில் ஏதோ பிடிபட்டது. திரும்பி வீட்டுக்கு ஓடினாள். அலமாரிக்குள் கேமராவின் காலி அட்டைப்பெட்டியில் இருந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். கார்டு நிறைந்தால் கேமரா தன்னுடைய உள் மெமரியில் தொடர்ந்து பதிவு செய்துகொள்ளும்படி வைக்கலாம் என்று அதில் போட்டிருந்தது. வாங்கின அன்றே கடைக்காரர் அப்படி வைத்துக் கொடுத்திருக்கிறார். தேவா அதை மறந்தே போய்விட்டார். கார்டை மட்டும் உருவுகிற சுதாவுக்கு, கேமராவுக்குள்ளேயும் இடம் உண்டு என்பதே தெரியாது.

ஷிப்ட் முடிந்து வந்த தேவாவை வாசலிலேயே மறித்தாள்.

"கேமரா எங்க?"

"கிரண் வாங்கிட்டுப் போனான். அவன் பையன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு."

கிரண் தேவாவோடு வேலை பார்க்கிறவர், வீடு பூந்தமல்லியில். விழா வியாழக்கிழமையே முடிந்திருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு எடுத்திருந்தால்? அதைக் கேட்கக்கூட சுதாவுக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையிலிருந்து போனை நான்தான் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"உள்ள ஏதோ பழைய கிளிப்பு கீதுன்னு காட்டுச்சு அண்ணி" என்றார் கிரண். "அழிக்கவான்னு இங்கிலீஷ்ல கேட்டுது. நமக்கு இன்னாத்துக்கு வம்புன்னு வேணாம்னு அமுக்கிட்டேன். என் கார்டப் போட்டுதான் எடுத்தேன். ஏன், எதுனா ஆயிடுச்சா?"

அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். மெட்ரோ தூண்களுக்கு நடுவே நெரிசலில் ஊர்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் கேமராவைக் கொண்டுவந்து சேர்த்தார்.

சுதா முதல் தடவையாகக் கேமராவையே கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்தாள். பத்தொன்பது துண்டுகள் இருந்தன. முதல் துண்டைத் திறந்தாள். கார்டு நின்ற இடத்திலிருந்து நாலைந்து செகண்ட்தான் விட்டுப்போயிருந்தது. பொன்னியம்மா முந்தானையால் மணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மாமன் நீதாம்பா இன்னிக்குப் பெரிய மனுசன். நல்லா சாஞ்சு உக்காரு" என்றார். பாப்பாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். அப்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து தேவாவின் குரல் கேட்டது.

"மச்சான், கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. பாப்பாவ மட்டும் எடுத்தா போதுமா? உங்க மூஞ்சி தெரியணும்."

சுதா வீடியோவை நிறுத்தினாள். தேவா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களப் போய் அப்படிச் சொல்லிட்டேனே" என்றாள். "வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நானும் கேமராவ ஒரு தடவ திறந்து பாத்திருக்கலாம்" என்றார் தேவா. "கோவத்துல தூக்கிக் கிரண்கிட்ட குடுத்துட்டேன்."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவரைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. டீ போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

காது குத்துகிற இடம் வந்தால் பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே ஒரு பாட்டைப் போடுவதுதான் இங்கே எல்லோருடைய வழக்கம். சுதாவும் அப்படித்தான் செய்வாள். இந்தத் தடவை பாட்டே போடவில்லை. பொன்னியம்மா பேசியது, தேவா சொன்னது, பாப்பா அழுதது, எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றாள். விட்டுப்போன நாலைந்து செகண்டில் சீர்த் தட்டுகளின் போட்டோவை வைத்து மூடினாள். ஞாயிற்றுக்கிழமை காலை தமிழரசு வந்தபோது இருபத்தாறு நிமிஷ வீடியோ தயாராக இருந்தது.

அன்று மூன்று மணி இருக்கும். நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். சுதாவின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஐந்து வருஷத்தில் அப்பாவிடமிருந்து வருகிற முதல் அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெண்டு வாட்டி பாத்துட்டேன்" என்றார் பரந்தாமன். எடுத்த எடுப்பில் அதுதான், நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "எல்லாரும் கீறாங்க. பூசாரி கீறாரு, ஆசாரி கீறாரு, யாரோ ஒரு அம்மா மூணு எடத்துல இலையில உக்காந்து சாப்ட்டுகினு கீது. மாப்ளய மட்டும் எங்கயும் காணோமே?"

மூன்று இடத்தில் சாப்பிட்டது நான். அப்போது அதையா கேட்பது என்று விட்டுவிட்டேன்.

"அவருதான் நைனா கேமரா புடிச்சாரு" என்றாள் சுதா.

"அது தெரியுது. கொரலு கேக்குது. அதுக்காவ ஊட்டு மாப்ள மூஞ்சியே இல்லாம ஒரு வீடியோவா?" அந்தப் பக்கம் இருமுகிற சத்தம் கேட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம நானும் உங்கம்மாவும் வர்றோம். கேமராவ தமிழு புடிக்கட்டும். மாப்ள எம் பக்கத்துல நிக்கட்டும். சம்பந்தியம்மாவையும் வரச் சொல்லு. இன்னாம்மா, வருவாங்களா?"

சுதா தேவாவைத் திரும்பிப் பார்த்தாள். தேவாதான் போனை வாங்கினார்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன் மாமா" என்றார்.