அப்பா வாங்க மறுத்த அசல்

சர்க்காருக்கே கடன் கொடுத்தவர் என்று அப்பாவுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. அது பெருமையா கேலியா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஜெர்மன் சண்டை நடந்தபோது தாசில்தாரும் கர்ணமும் எங்கள் தோட்டத்துக்கு மூன்று தரம் வந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, யுத்தக் கடனுக்குப் பணம் கேட்டார்களாம். மூன்றாம் தரம் பருத்தி விற்ற பணத்தை அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஒரு கெட்டித் தாள் வந்தது. நூற்றுக்கு ஐந்து வட்டி. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கோயமுத்தூர் கஜானாவில் தாளைக் காட்டினால் வட்டியைக் கொடுத்து, அதன் முதுகில் முத்திரை குத்தித் தருவார்கள்.

அந்த வட்டியில்தான் நான் படித்தேன். அவிநாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கோயமுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பது அந்தக் காலத்தில் லேசுப்பட்ட காரியமா? அம்மா ஒரு மாதம் அப்பாவோடு பேசாமல் இருந்து வாங்கிய சம்மதம் அது. "அந்தத் தாளுப் பணத்துல கை வெக்கக் கூடாதுங்க. அது புள்ளைக்கு" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முப்பதுகளின் ஆரம்பத்தில் பருத்தி விலை அடியோடு விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு ரொக்கமாக வந்துகொண்டிருந்தது அந்த வட்டி ஒன்றுதான். பள்ளிப் படிப்பு முடிய எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, கடனைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சர்க்கார் அறிவித்தது. விடுமுறைக்கு வந்திருந்த நான்தான் பத்திரிகையில் பார்த்துப் படித்துக் காட்டினேன். குறிப்பிட்ட தேதியோடு வட்டி நின்றுவிடும். அசலை வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்றால் அந்தத் தேதிக்குள் குறைந்த வட்டிக்குப் புதுக் கடன் பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம்.

"ஏனுங்கப்பா, கொறஞ்ச வட்டின்னாலும் மாத்திக்கலாமுங்க. ஹாஸ்டலுக்குப் பத்தாததை எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்றேன்.

"எதுக்கு மாத்தறது? தாளுல இன்னும் வருஷம் கெடக்குது, கண்ணு."

தாளில் இரண்டு வருஷங்கள் போட்டிருந்தன. முதல் வருஷத்துக்கு முன்னால் திருப்பமாட்டோம், இரண்டாவதைத் தாண்டவும் மாட்டோம், நடுவில் எப்போது என்பது எங்கள் இஷ்டம் என்று சர்க்கார் சொல்வதாக அதற்கு அர்த்தம். அப்பாவின் கண்ணுக்கு இரண்டாவது வருஷம் மட்டும்தான் தெரிந்தது. இப்போது வெளியில் வட்டி இறங்கிவிட்டது, சர்க்கார் குறைந்த வட்டிக்குப் புதிதாக வாங்கி, கூடுதல் வட்டிக் கடனைத் தீர்க்கிறது என்று விளக்கினேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கடன் வாங்கிக் கடன் அடைக்கறவனுக்கு நம்மூர்ல பொண்ணே குடுக்கமாட்டாங்க."

இது ஒரு பதிலா! ஆனால் அவர் மனசில் இருந்தது வேறு கணக்கு. எங்கள் பக்கத்தில் கடன் தீர்வதற்கு ஒரு முறை உண்டு. வாங்கியவன் வெற்றிலை பாக்கோடு கொடுத்தவன் வீட்டுக்கு வருவான். நாலு பேர் முன்னால் பணத்தை எண்ணி வைப்பான். கொடுத்தவன் அதை எடுத்துக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்துள்ள இடத்தைக் கிழித்து அவன் கையில் கொடுப்பான். கிழிக்காத பத்திரம் உயிரோடு இருக்கிறது. அது உயிரோடு இருக்கிறவரை வட்டியும் ஓடும். அப்பா இதே நியாயத்தைத் தூக்கிக்கொண்டு போய் இந்தியா சர்க்காரின் தலையில் வைத்தார்.

"வாங்கறதுக்கு மூணு தரம் வந்தாங்கல்ல? குடுக்கறதுக்கு ஒருக்காவாச்சும் வரட்டும்."

"சர்க்காருங்கறது உங்க பங்காளி ஊடுங்களா, வெத்தலை பாக்கோட வர்றதுக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா காதில் வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். தேதியும் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து, வழக்கம்போல வட்டி வாங்குவதற்கு என்னையும் கூட்டிக்கொண்டு கஜானாவுக்குப் போனார். குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு வட்டி நின்னுபோச்சுங்களே."

"நான் அசலை வாங்கலீங்களே. வாங்காம எப்படீங்க நிக்கும்?"

"நீங்க வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டமுங்க. சர்க்கார் சொன்ன தேதியோட முடிஞ்சுது. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. அசலும் அந்தத் தேதி வரைக்கும் உள்ள வட்டியும் வந்துரும்."

"புதுப் பத்திரமா மாத்த முடியாதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"அது மூடியாச்சு அம்மணி."

சரி, அசலையாவது வாங்குவார், அதை வைத்து இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்பா தாளை நாலாக மடித்து மடியில் செருகினார்.

"கிழியாத தாளு எங்கையில இருக்குது. உங்க தேதி எனக்கு எதுக்குங்க?"

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. கஜானா வாசலில், அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி நின்று அழுதேன். சர்க்கார் எவ்வளவு பெரிய கடன்காரன், எத்தனை லட்சம் பேருக்குக் கொடுக்க வேண்டியவன்! இவர் ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவனுக்கு என்ன நஷ்டம்? வட்டி இல்லாமல் இவர் பணம் அவன் பெட்டியில் தூங்கும். நஷ்டமெல்லாம் எங்களுக்குத்தான். இதைப் போகிற வழியெல்லாம் சொன்னேன். மாட்டிடம் சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மா ஹாஸ்டல் பணத்துக்காக ஒரு பருவம் பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் என் பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா அப்பாவோடு மறுபடியும் பேச்சை நிறுத்தினாள். இந்தத் தடவை அது பலிக்கவில்லை.

இரண்டு வருஷம் தாள் பெட்டிக்குள் கிடந்தது. யாரும் வெற்றிலை பாக்கோடு வரவில்லை. அதற்குள் எங்கள் பக்கத்துக்கு மின்சாரக் கம்பி வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணற்றில் மோட்டார் வைத்தார். ஒரு நாள் காலையில் அப்பா யாரிடமும் சொல்லாமல் வண்டி பூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனார். கையெழுத்துப் போட்டார். அசலை வாங்கினார். மோட்டாருக்கு முன்பணமும் கட்டிவிட்டுச் சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்து சேர்ந்தார்.

"அசல்ல ஒரு பைசா கொறையல, பாத்தியா கண்ணு!"

"என்னோட ரெண்டு வருசத்தை எந்தக் கஜானாவுல போய் வாங்கறதுங்கப்பா?" என்று கேட்டேன்.

அவர் வண்டி மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அடுத்த வாரம் மோட்டார் வந்து இறங்கியது. தண்ணீர் கொட்டியதைப் பார்க்க ஊரே தோட்டத்துக்கு வந்தது. அம்மாவும் நானும் போகவில்லை.