நான்காவது ஆல்பத்தின் குரல்

எங்கள் நான்காவது ஆல்பத்தின் இசைப் பகுதி முழுவதும் பதிவாகிவிட்டிருந்தது. என் குரல் மட்டும்தான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் கழுத்தில் கட்டி என்றார்கள். எங்கள் ஊரான ஈப்போவிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. ஆபத்தான கட்டியில்லை என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

எங்கள் குழுவில் மூன்றே பேர். நான் பாடுவேன், பேஸ் வாசிப்பேன். கிதார் வாசிக்கும் அண்ணன் பகலில் ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுது பார்க்கிறவர். டிரம்ஸ் அடிப்பவள் சித்தியவான் ஊர்க்காரி, தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவள். மலேசியாவில் தமிழில் ஆல்டர்நேட்டிவ் ராக்கை யார் கேட்பார்கள் என்று எங்களைக் கேட்பது எப்போதோ நின்றுவிட்டது. சிலிம் ரிவர் மாதிரிச் சிற்றூரில் பாடினாலும் கூடவே பாட ஆள் இருந்தது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிதாரின் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும் என் உச்சக் குரல்.

அறுவையில் அடிபட்ட குரல் நரம்பு மெல்லத் தேறிப் பேச்சு திரும்பியது. உச்சம் திரும்பவில்லை. குரல் பயிற்சி கொடுத்த பெண்மணி பொய் சொல்லவில்லை. "கீழ உள்ளது பலமாகும். மேல உள்ளதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதுமா" என்றார்.

அலுவலக மதிய இடைவேளையில் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பயிற்சி செய்தேன். ஒருநாள் காவலாளி கண்ணாடியைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். பாடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவர் போனதும் மறுபடி ஆரம்பித்தேன்.

சில மாதங்கள் கழித்து ஸ்டூடியோவில் மைக் முன்னால் நின்றேன். முதல் பாட்டின் பல்லவியிலேயே குரல் உடைந்தது. ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

"அக்கா, கம்பியூட்டர்ல சுருதியத் தூக்கி வச்சிரலாம் லா. இல்லன்னா உங்கள மாதிரியே பாடுற பொண்ணு ஒண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல" என்றேன்.

வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். அண்ணன் வாயே திறக்கவில்லை என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாட்டயெல்லாம் கீழ் சுருதிக்கு எறக்குவோம்."

"எல்லாத்தையுமா? நீங்க வாசிச்சது அத்தனையும் வீணாப் போயிரும்ணே."

"போனா போவுது. மறுபடி வாசிக்கிறேன். என் கை நல்லாத்தான இருக்கு?"

டிரம்ஸ்காரி கதவருகே நின்றபடி சொன்னாள்: "நானும் திரும்ப அடிக்கிறேன்கா. இந்தக் குரலுக்கு வேகம் கொஞ்சம் கொறையணும்."

முதலிலிருந்து தொடங்கினோம். தந்திகளைத் தளர்த்தியதும் கிதார் உறுமியது. என் குரல் அதற்குள் நுழைந்து, அடியிலிருந்து தள்ளியது. மேலே ஏறிப் பாடிய காலத்தில் நான் கவனிக்காமல் விட்ட சொற்கள்கூட இப்போது கனமாக விழுந்தன. ஒரே ஒரு பாட்டு மட்டும் இறங்க மறுத்தது. அதன் உயிரே அந்த ஏற்றத்தில்தான் இருந்தது. விட்டுவிடலாம் என்றேன். டிரம்ஸ்காரி ஒப்புக்கொள்ளவில்லை. மேலே உள்ளதை அவள் பாடினாள், கீழே நான். என் இடத்தில் இன்னொரு குரலைக் கேட்டபோது நெஞ்சு எரிந்தது. "இன்னொரு தடவ" என்றேன். பிறகு இன்னொரு தடவை. அவள் குரலைக் கவனிப்பதை நிறுத்தி என் வரியை நான் பாடிய பிறகுதான் பாட்டு சரியாக வந்தது.

ஆல்பம் வெளியானது. ஈப்போ நிகழ்ச்சி முடிந்ததும் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்திருந்த ஒரு மீனவர் என்னிடம் வந்தார்.

"பாட்டெல்லாம் நல்லாருக்கு சிஸ்டர். பழைய குரலு எப்ப வரும்?"

"அது வராதுண்ணே. பழைய ஆல்பத்துல இருக்கு, கேளுங்க. இப்ப என்கிட்ட இருக்கறது இதுதான்."

அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "அப்ப இந்தக் குரலோடயே எங்க ஊருக்கு வாங்க. மண்டபத்த நாங்க பாத்துக்கறோம்."

போனோம். அன்று கொட்டிய மழையில் பாதி நாற்காலிகள் காலி. ஒரு பாட்டையும் விடாமல் பாடினேன்.