எட்டு மணிவரை வெடி போடாத மாயாண்டி அண்ணன்

மாயாண்டி அண்ணன் போய்விட்டார்.

சற்று முன்புதான் அவர் மகள் போன் செய்தாள். விடிகாலையில் நெஞ்சுவலி... உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

வரும் ஞாயிறு எங்கள் பறவைக் கணக்கெடுப்பு. லேப்டாப்பில் டீம் லிஸ்ட் திறந்தபடி இருக்கிறது. அதில் அவர் பெயரை டெலீட் செய்யக் கை வரவில்லை.

கணக்கெடுப்பைப் பற்றி இங்கே வருடாவருடம் எழுதுகிறேன். அவரைப் பற்றி எழுதியதே இல்லை. எழுமலைப் பக்கம் ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தவர். மீனைத் தின்னும் நீர்க்காகங்களை விரட்ட, விடிந்ததும் வெடி போடுவார்.

மதுரையைச் சுற்றி எல்லாக் கண்மாய்களிலும் ஒரே நேரத்தில் எண்ணுகிறோம். ஓரிடத்தில் வெடித்தால் பறவைகள் அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். அங்கேயும் அவற்றை எண்ணிவிடுவார்கள். மொத்தக் கணக்கும் பாழ்.

முதல் வருடம், முந்தின நாளே பசுமலையிலிருந்து ஸ்கூட்டியில் போய்க் கெஞ்சினேன்.

“நீங்க எண்ணிட்டுப் போயிருவீக டீச்சரம்மா. எம்புட்டு மீன்குஞ்சு விட்டிருக்கேன் தெரியுமா? அம்புட்டையும் இதுக தின்னுட்டா நான் எங்கிட்டுப் போக?”

காலையில் எண்ணி முடிக்கிற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில், “எட்டு மணி வரைக்குந்தேன்” என்றார்.

மறுநாள் கையில் வெடியும் ஊதுபத்தியுமாக எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். ஏழரைக்கு ஒரு நீர்க்காகக் கூட்டம் இறங்கியது. முங்கி முங்கி, வாயில் மீனோடு எழுந்தன. அவர் தாடை இறுகியது.

டீமில் இருந்த காலேஜ் பெண் எண்ணிக்கையைச் சொன்னாள்.

“தப்பு” என்றார் அண்ணன். “அங்கிட்டு எண்ணுன கூட்டந்தேன் இப்ப இங்கிட்டு வந்து உக்காந்திருக்கு. ரெண்டு தடவ எண்ணிப்புட்ட தாயி.”

மறுபடி எண்ணினோம். அவர் சொன்னதுதான் சரி.

அடுத்த வருடத்திலிருந்து நீர்க்காகங்களை எண்ணி எழுதும் ஃபாரத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். மீன் போகிற கோபத்தில் கூட்டி எழுதிவிடுவார் என்று நண்பர்கள் பயந்தார்கள். ஒரு முறைகூட இல்லை.

போன வருடம் மழை சரியில்லை. கண்மாயில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர். மீனெல்லாம் அங்கே, பறவையெல்லாம் அங்கே. இந்த நிலைமையில் எப்படிக் கேட்பது என்று நான் போன் செய்யவே இல்லை. முந்தின நாள் அவரே கூப்பிட்டார்.

“நாளைக்கு வாறீகளா, இல்லையா?”

போனோம். பாதி எண்ணியிருப்போம், குத்தகையில் பங்காளியான அவருடைய மச்சினர் கரையில் கத்திக்கொண்டே வந்தார்.

“சோத்துக்கு என்ன செய்யப் போற மச்சான்? இவுகளா போடுவாக?”

கேட்டுக்கொண்டே வெடியைப் பற்றவைத்துவிட்டார். அண்ணன் பாய்ந்து, எரிகிற திரியை வெறுங்கையால் கசக்கி அணைத்தார்.

“சொன்னா சொன்னதுதேன் மாப்ள. எட்டு மணி ஆகட்டும்.”

இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள். அந்தக் கண்மாய்க்கு முதல் தடவையாக வந்திருந்த வரித்தலை வாத்துகள் கழுத்தைத் தூக்கிப் பார்த்தன. மூச்சுவிடப் பயந்துகொண்டு நான் எண்ணினேன்.

ஒன்றுகூடப் பறக்கவில்லை.

சரியாக எட்டு மணி. அண்ணன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த நிமிடம் அவரே வெடியைக் கொளுத்தினார். மொத்தக் கண்மாயும் ஆகாயத்துக்கு எழுந்தது.

“கோவமா டீச்சரம்மா?”

ஆமாம் என்றேன். திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஃபாரத்தைப் பிரித்தால், ஓரத்தில் கரி அப்பிய கட்டைவிரல் தடம். கை எப்படி இருக்கிறது அண்ணே என்று ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

எந்தக் கண்மாயிலும் குழப்பமில்லாமல் கணக்கு முடிந்தது அந்த வருடம்தான். தல்லாகுளத்தில் கூட்டம் போட்டோம். மைக்கைப் பிடித்து வரிசையாக எல்லோருக்கும் நன்றி சொன்னேன். கைதட்டினார்கள்.

அவர் பெயரைச் சொல்லவில்லை. மறக்கவில்லை... சொல்லவில்லை.

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். டீமில் வர முடிந்தவர்கள் எழுமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம்.

நான் கிளம்பிவிட்டேன்.

வாரேன் அண்ணே.