கொக்கு இறங்கிய வயல்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு நூலகப் புத்தகம் படித்து, மனதில் பட்டதை வாசிப்புக் குறிப்பேட்டில் எழுதி வரச் சொன்னேன். வந்ததைப் பார்க்க வேண்டுமே! எந்தக் கதையானாலும் கடைசியில் 'நீதி' என்று போட்டு அடியில் ஒரு கோடு. ஒற்றுமையே பலம், பேராசை பெருநஷ்டம். நாய்க்குட்டி காணாமல் போன கதைக்கும் ஒற்றுமையே பலம் என்று ஒருவன் எழுதியிருந்தான். நாய்க்குட்டி யாரோடுடா ஒற்றுமையாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் டீச்சர் என்றான்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. இனி எவனாவது நீதி எழுதினால் குறிப்பேட்டை வாய்க்காலில் விட்டுவிடுவேன் என்று கத்திவிட்டேன். கதையில் வருகிறவர்களிடம் கேட்க ஒரு கேள்வி எழுதினால் போதும் என்றேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தடங்கலே இல்லாமல் வாசிப்பாள். என்ன புரிந்தது என்று கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. அப்பாவுக்குத் துபாயில் வேலை, அம்மாதான் நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். அரையாண்டுக்குள் இவள் தேறவில்லை என்றால் பட்டுக்கோட்டையில் விடுதியோடு இருக்கும் பள்ளிக்கு மாற்றிவிடுவேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை எடுத்தாலே பெண்ணுக்குக் கண் நிறைந்துவிடும். எனக்கும் அவளை விட மனசில்லை.

அந்த வாரம் அவள் எடுத்தது ஓர் அண்ணன் தம்பி கதை. ஒரே வாய்க்கால். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் அண்ணன் வயல், கடைசியில் பாயும் கடைமடையில் தம்பி வயல். தண்ணீருக்காக அடிதடி வரை போய், முடிவில் இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள். "கட்டிப்பிடித்தார்கள் சரி, தம்பி வயலுக்குத் தண்ணீர் வந்ததா?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரே கடைமடை. மேட்டூர் திறந்தாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகும் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்க்கிற ஜனங்கள். பதில் கதையிலேயே இருக்கிறதா தேடிப் பார் என்று கீழே எழுதிக் கொடுத்தேன்.

அரையாண்டு மார்க் வந்தது. ஏறவில்லை. அம்மா டி.சி. கேட்டு வந்துவிட்டார், பின்னால் பெண் தலையைக் குனிந்தபடி. மார்க்கைப் பற்றி எதுவும் பேசாமல் குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டி, கதையையும் சொன்னேன். அம்மாவுக்கு டி.சி. மறந்துபோய்க் கதை எழுதியவர் மேல் கோபம் வந்துவிட்டது.

"அதெல்லாம் சும்மா டீச்சர். தலைமடைக்காரன் கட்டிப்பிடிப்பான். மடையத் தொறப்பானா?"

பெண் என்னைப் பார்த்தாள். விறுவிறுவென்று அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தை நீட்டினாள்.

"தொறந்துட்டாரும்மா. தம்பி வயல்ல கொக்கு எறங்குச்சுன்னு போட்டிருக்கு பாரு. காஞ்ச வயல்ல கொக்குக்கு என்ன வேலை?"

மழைத் தண்ணீராக இருக்கும் என்றார் அம்மா. விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. மகள் ஒரு பக்கம் முன்னால் புரட்டி, வானம் வெளுத்துக் கிடந்தது என்ற வரியின் மேல் விரலை வைத்தாள். அட, நான் எத்தனையோ முறை படித்த கதை, அந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை! கை தட்டிவிடலாம் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

அம்மா அந்த வரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். டி.சி. வேண்டாங்க என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்க அப்பாதான் அங்க கெடக்காரு. இவளையும் அனுப்பிட்டு நான் யார்கூடங்க சண்டை போடுறது?"