எட்டாவது மாடியில் எத்தனை சென்ட்?

வீரபாண்டி ஊருக்குச் சற்று முன்னால் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத்தில் ஒரு பக்கம் நடவு வயல், பக்கத்திலேயே கல் ஊன்றி வண்ணக் கொடி கட்டிய மனைகள். இறங்கியவுடனே மனைத் தரகர் என்னைப் பிடித்துக்கொள்கிறார்.

"சார், ஒரு பிளாட் வாங்கிப் போடுங்க."

"சென்னையிலேயே பிளாட் இருக்குங்க."

"எத்தனை சென்ட்?"

"எட்டாவது மாடி."

நாற்று நட்டுக்கொண்டிருந்த வயல்காரம்மா ஈஸ்வரி நிமிர்கிறார். அவர் வயலையும் கேட்டுத் தரகர் மாதக்கணக்காக அலைகிறாராம்.

"ஒரே கட்டடத்துல எத்தனை குடும்பம் இருக்காக?"

"நாப்பது. எல்லாம் அரை ஏக்கருக்குள்ள."

ஈஸ்வரி தரகரிடம் திரும்புகிறார். "கேட்டீகளா? அந்தக் கொடிக்குள்ளயே மேல மேல அடுக்குங்க. என் வயலை விட்டுருங்க!"

தரகர் கொடிகளைத் திரும்பிப் பார்க்கிறார். எனக்கு லேசாகப் பெருமை.

"அம்புட்டுப் பேருக்கும் தண்ணி?" என்று ஈஸ்வரி கேட்கிறார்.

"லாரியில வரும். ஊருக்கு வெளிய வயக்காட்டுக் கிணத்துல எடுக்கிறாங்க."

தரகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ஈஸ்வரியும் சிரிக்கிறார். "அப்ப அங்கன வயக்காட்டைக் குடிக்கிறீகன்னு சொல்லுங்க!"

டயர் மாற்றிய பேருந்து ஹார்ன் அடிக்கிறது. ஈஸ்வரி என் காலி பாட்டிலை வாங்கி, பம்புசெட் குழாயில் நிரப்பித் தருகிறார்.

"தைரியமாக் குடிங்க. நான் இன்னும் வயலை விக்கல."

என்னிடம்தான் சொல்கிறார். பார்ப்பது தரகரை.